பழைய கேமிங் பிசிக்கு இன்னும் காசு போடலாமா, இல்ல புதுசே எடுத்துடலாமா

போன தீபாவளி முடிஞ்ச வாரம் மதுரையில இருந்து சித்தி பையன் போன் பண்ணான், "அண்ணே பிசி அவ்ளோதான், எந்த கேம் போட்டாலும் திக்குது, 70 ஆயிரம் சேத்து வச்சிருக்கேன், புதுசுக்கு ஒரு லிஸ்ட் போட்டுத் தாங்க"ன்னு. 2017-ல நான்தான் கூடப் போய் எடுத்துக் குடுத்த மெஷின் அது. ஐ5-7400, எச்110 போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட் கூடவே வந்த எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை டப்பா). லிஸ்ட் அப்புறம் போடலாம்டா, நான் ஒரு தடவை நேர்ல பாத்துடறேன்னு சொல்லிட்டு அந்த சனிக்கிழமையே பஸ் ஏறிட்டேன், ஏன்னா அந்த 70 ஆயிரம் அவன் ஒன்றரை வருஷம் பார்ட் டைம் வேலை பாத்து சேத்த காசு, அது தப்பான பார்ட்ல போய் முடங்கிடக்கூடாதுன்னு எனக்கு இருந்துச்சு.

இந்த கேள்வியை என்கிட்ட நெறைய பேர் கேட்டுட்டாங்க, அதனால அன்னிக்கு அவன் வீட்டுல என்ன வரிசைல பாத்தோமோ அதே வரிசைல எழுதறேன், உங்க மெஷினுக்கும் அப்படியே பண்ணிப் பாருங்க.

முதல்ல காசே செலவாகாத வேலை. கேபினெட்டை மொட்டை மாடிக்கு தூக்கிட்டுப் போய் சைடு பேனலைக் கழட்டினோம். சிபியு மேல இருக்கற ஹீட்சிங்க்ல தூசி ஜமுக்காளம் மாதிரி ஒரு அடுக்கா படிஞ்சிருந்துச்சு, விரலை விட்டு உரிச்சா துணி மாதிரியே உரிஞ்சு வருது. பெயின்ட் பிரஷ் ஒண்ணு, ஊதறதுக்கு ஒரு பிளோயர், இது ரெண்டு போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால புடிச்சுக்கங்க, காத்து வேகத்துக்கு அது கண்டபடி சுத்தினா பேரிங் போயிடும். கூலரை எடுத்துப் பாத்தா தெர்மல் பேஸ்ட் வெத்தலைப் பெட்டில காஞ்சு போன சுண்ணாம்பு மாதிரி பொருபொருன்னு உதிருது. ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல துணியை நனைச்சு ரெண்டு பக்கமும் துடைச்சுட்டு, ஒரு பட்டாணி அளவு புது பேஸ்ட் வச்சு திரும்ப மாட்டினோம். ஏஎம்டி ரைசன் சிபியு, ஏஎம்4 சாக்கெட் மெஷின் வச்சிருக்கறவங்க இங்க ரொம்ப கவனமா இருக்கணும், அதுல பின்னு சிபியுலதான் இருக்கு, காஞ்ச பேஸ்ட்டோட கூலரை நேரா மேல இழுத்தா லாக் போட்டிருந்தாலும் சிபியு சாக்கெட்ல இருந்து புடுங்கிட்டு கூடவே வந்துடும், பின்னு வளைஞ்சா அதோட கதை முடிஞ்சுது. அதனால பத்து நிமிஷம் ஏதாவது கேம் ஓட விட்டு சூடேத்தி, ஆஃப் பண்ணிட்டு, கூலரை லேசா இடம் வலமா திருகித் திருகி எடுங்க.

சுத்தம் பண்றதுக்கு முன்னாடி அந்த மழை நாள்லயே சிபியு 92 டிகிரி காட்டுச்சு, அப்புறம் 74. சூடு தாங்காம வேகத்தை தானே குறைச்சுக்கிட்டு ஓடற சிபியுவைப் பாத்துட்டு பழசாயிடுச்சுன்னு முடிவு பண்றவங்க எத்தனையோ பேரு. சித்திரை வெயில்ல இது இன்னும் மோசமா இருக்கும்.

இன்னும் சில இலவச விஷயம் இருக்கு. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டுல சொருகியிருக்கான்னு பாருங்க, சிலர் போர்டுல இருக்கற எச்டிஎம்ஐ-ல சொருகிட்டு கார்டு வேலையே செய்யலன்னு வருத்தப்படறாங்க. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிட்டு விண்டோஸ் செட்டிங்ல 60-லயே விட்டிருக்கீங்களான்னு பாருங்க. டாஸ்க் மேனேஜர்ல ரேம் என்ன வேகத்துல ஓடுதுன்னு பாருங்க, 3200 ரேம் வாங்கியிருப்பீங்க ஆனா பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகும்போது போய்ப் பாக்கற போர்டோட செட்டிங்) எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டற ஆப்ஷன்) ஆன் பண்ணாததால 2133-லயோ 2400-லயோ ஓடிட்டு இருக்கும். மெஷின் ஆன் பண்ணும்போதெல்லாம் தேதி பின்னாடி போகுதுன்னா போர்டுல இருக்கற காயின் பேட்டரி தீந்துடுச்சுன்னு அர்த்தம், சிஆர்2032 ஒண்ணு வாட்ச் கடையிலயே கிடைக்கும், அது தீந்தா நீங்க வச்ச பயாஸ் செட்டிங் எல்லாம் அழிஞ்சு பழையபடி ஆயிடும்.

இதெல்லாம் முடிச்ச பிறகும் இழுத்தா அப்பதான் அடுத்த கேள்வி, எந்த பார்ட் இழுக்குது?

இதுக்கு கடைக்காரரையும் கேக்க வேண்டாம், யூடியூபும் பாக்க வேண்டாம், மெஷினே சொல்லும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், அது கூடவே ரிவாட்யூனர் வரும், ரெண்டையும் போட்டு ஸ்கிரீன் ஓரத்துல ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு சிப்) யூசேஜ், சிபியு யூசேஜ் ஒவ்வொரு கோருக்கும் (சிபியுக்குள்ள தனியா வேலை செய்யற பகுதி) தனித்தனியா, விராம் (கார்டுலயே இருக்கற மெமரி), ரேம், டெம்பரேச்சர், ஃபிரேம் டைம் கிராஃப் இவ்வளவும் தெரியற மாதிரி வச்சுக்கங்க. வி-சிங்க்கையும் (ஃபிரேமை மானிட்டர் வேகத்தோட கட்டிப் போடற செட்டிங்) எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃபிரேம்) லிமிட்டையும் ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா ரீடிங் எல்லாம் பொய் சொல்லும். மெனுல நின்னுக்கிட்டு பாக்காதீங்க, நீங்க எந்த கேமை தினமும் ஆடறீங்களோ அதையே எந்த இடத்துல திக்குமோ அந்த இடத்துல இருபது நிமிஷம் ஆடுங்க. ஜிபியு 95-க்கு மேலயே நிக்குதுன்னா கார்டுதான் முழு மூச்சுல ஓடுது, அதுதான் எல்லை. ஜிபியு 50, 60-னு சும்மா நிக்குது, ஒண்ணு ரெண்டு கோர் மட்டும் 100 அடிக்குதுன்னா சிபியுதான் பிரச்சனை. சிபியு மொத்தம் 60 சதவீதம்தானேன்னு பாத்து ஏமாறாதீங்க, மத்த கோர் சும்மா இருந்து ஒரு கோர் மட்டும் முட்டிக்கிட்டு நின்னாலும் கேம் அங்கயேதான் நிக்கும்.

சந்தேகம் தீர இன்னொரு வழியும் உண்டு. ரெசல்யூஷனை 1080-ல இருந்து 720-க்கு இறக்கி கிராபிக்ஸ் எல்லாத்தையும் லோ-ல வைங்க. எஃப்பிஎஸ் குபுக்குன்னு ஏறுச்சுன்னா கார்டு, ஏறவே இல்லன்னா சிபியு.

தம்பி மெஷின்ல வாலரன்ட் போட்டோம். சராசரி 110 கிட்ட வருது, ஆனா ஒரு ரவுண்டுல நாலு பேரு ஒரே இடத்துல எபிலிட்டி போட்டா சடார்னு 40-க்கு விழுது. அந்த நேரம் பாத்தா நாலு கோரும் 100, ஜிபியு 45. 720-க்கு இறக்கினாலும் அதே 110, அதே 40. அப்புறம் விட்சர் 3-ஐ அல்ட்ரால போட்டு காட்டுப்பக்கம் குதிரை ஓட்டினோம், ஜிபியு 98, சிபியு நிம்மதியா இருக்கு. ஒரே மெஷின், ரெண்டு கேம், ரெண்டு பதில். இங்கதான் நெறைய பேரு தடுமாறுவாங்க, பாட்டில்நெக் கால்குலேட்டர்னு வெப்சைட்ல சிபியு, கார்டு ரெண்டோட பேரையும் டைப் பண்ணா எது இழுக்குதுன்னு ஒரு சதவீதம் காட்டும், அதை நம்பாதீங்க, நீங்க ஆடற கேமுக்கு ஏத்த மாதிரி பதில் மாறும். தம்பி நாளுக்கு மூணு மணி நேரம் ஆடறது வாலரன்ட், அப்ப அவனுக்கு எல்லை சிபியு. ஐ5-7400-ல 4 கோர், 4 த்ரெட் (ஒரே நேரத்துல எடுத்துக்கற வேலை வரிசை), அவ்வளவுதான் அதால முடியும், பின்னாடி டிஸ்கார்டும் குரோமும் ஓடும்போது அது மூச்சு வாங்கும்.

ஃபிரேம் டைம் கிராஃபையும் பாக்கச் சொல்லுவேன். 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட், அது கோடு மாதிரி நேரா போகணும். நடுவுல நடுவுல பனைமரம் மாதிரி உசரமா குத்தி நின்னா கண்ணுக்கு திக்கற மாதிரி தெரியும், சராசரி எஃப்பிஎஸ் நல்லா இருந்தாலும் சரி. இந்த குத்தலுக்கு மூணு காரணம் அடிக்கடி பாத்திருக்கேன். விராம் நிரம்பிட்டா வரும், 4 ஜிபி கார்டுல புது கேம் போட்டா இதுதான் நடக்கும், டெக்ஸ்சரை மீடியத்துக்கு இறக்கினாலே சரியாயிடும். ரேம் 8 ஜிபி நிரம்பி ஹார்ட் டிஸ்க்ல எழுத ஆரம்பிச்சா வரும். கேமே ஹார்ட் டிஸ்க்ல இருந்தா வரும், சைபர்பங்க் 2077 எல்லாம் 2023-ல வந்த 2.0 அப்டேட்டுக்கு அப்புறம் மினிமமே எஸ்எஸ்டி-னு போட்டுட்டாங்க, ஸ்டார்ஃபீல்டும் அப்படித்தான். நூத்தி சில்லறை எம்பி வேகத்துல படிக்கற டிஸ்க்கையும் 500 எம்பிக்கு மேல படிக்கற சாதாரண சாட்டா எஸ்எஸ்டியையும் கேம் ஒண்ணாப் பாக்காது. ஆனா சாட்டால இருந்து என்விஎம்இ-க்கு (அதை விட வேகமான எஸ்எஸ்டி வகை) மாத்தினா கேம்ல பெருசா ஒண்ணும் தெரியாது, அதுக்காக அலைய வேண்டாம்.

சரி, எந்த பார்ட்னு தெரிஞ்சுபோச்சு, காசு போடலாமா? இங்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வச்சு முடிவெடுக்கறேன், இப்ப வாங்கற பொருள் நாளைக்கு புது மெஷின் எடுத்தா அதுக்கும் கூட வருமா? வரும்னா தயங்காம வாங்குங்க. எஸ்எஸ்டி வரும், நல்ல எஸ்எம்பிஎஸ் வரும், மானிட்டர் வரும், கேபினெட் வரும், கிராபிக்ஸ் கார்டு வரும். போர்டு, சிபியு, ரேம் இந்த மூணும் ஒரே குடும்பம், ஒண்ணை மாத்தினா பெரும்பாலும் மூணும் மாறும், அதனால பழைய சாக்கெட்டுக்குன்னு ஒரு சிபியு வாங்கினா அது அந்த போர்டோடயே சமாதி. அப்படி வாங்கறதா இருந்தா குறைஞ்ச காசுல இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓட்டித் தரும்னு உறுதியா தெரிஞ்சா மட்டும் வாங்குங்க.

அப்ப உங்க போர்டுக்கு முன்னாடி பாதை இருக்கான்னு பாக்கணும். டிடிஆர்3 ரேம் (ரேமோட பழைய தலைமுறை) போடற 4வது ஜெனரேஷன் இன்டெல், அதுக்கு முந்தினது, இதுல இனிமே எஸ்எஸ்டி தவிர எதுவும் போடாதீங்க. 6, 7வது ஜெனரேஷன்னா அந்த போர்டோட உச்சம் ஐ7-7700கே, 4 கோர் 8 த்ரெட், செகண்ட் ஹேண்ட்ல அதைத் தேடி அலையறவங்க இருக்காங்க, நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், ஏன்னா விண்டோஸ் 11 லிஸ்ட்ல இன்டெல்னா 8வது ஜெனரேஷன்ல இருந்துதான் பொதுவா ஆரம்பிக்குது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, வீட்டு மெஷினுக்கு தனியா பதிவு பண்ணா இன்னும் ஒரு வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும், அவ்ளோதான். குறுக்கு வழில 11-ஐ ஏத்தறவங்களுக்கு ஒரு விஷயம், விண்டோஸ் 11-ல வாலரன்ட் ஓடணும்னா டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் (ரெண்டும் மெஷின்ல இருக்கற பாதுகாப்பு வசதி) கட்டாயம், பேட்டில்ஃபீல்ட் 6-ம் செக்யூர் பூட் கேக்குது. பல போர்டுல இது ரெண்டும் இருக்கும், பயாஸ்ல ஆஃப்ல கிடக்கும், போர்டே மாத்தணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அதைப் பாத்துடுங்க. இன்டெல் 10, 11, 12, இல்ல அதுக்கும் மேல ஜெனரேஷன் வச்சிருக்கறவங்களுக்கு இப்போதைக்கு சிபியு பத்தி பெரிய கவலை வேண்டாம், 12வது ஜெனரேஷன் போர்டுல 14 வரைக்கும் ஏறலாம்.

ரைசன் ஏஎம்4 போர்டு வச்சிருக்கறவங்கதான் குடுத்து வச்சவங்க. 2017-ல ரைசன் 5 1600-னு வாங்கின அதே பி350 போர்டுல, கம்பெனி பயாஸ் அப்டேட் விட்டிருந்தா, ரைசன் 5 5600 போடலாம், 5700எக்ஸ்3டி கூட போடலாம், போர்டும் ரேமும் அப்படியே இருக்கும். கம்ப்யூட்டர் உலகத்துல ஒரு சாக்கெட் இவ்வளவு வருஷம் தாங்கினது அபூர்வம். 1600, 2600 வச்சுக்கிட்டு புதுசு எடுக்கலாமான்னு கேக்கறவங்களுக்கெல்லாம் நான் முதல்ல சிபியு மட்டும் மாத்துங்கன்னுதான் சொல்றேன். பழைய சிபியு உள்ள இருக்கும்போதே பயாஸ் அப்டேட் பண்ணிடணும், புதுசை மாட்டிட்டு பண்ண முடியாது. பென்டிரைவை ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணி போர்டு கம்பெனி சைட்ல உங்க மாடலோட சரியான ஃபைலை எடுத்துக்கங்க, அப்டேட் ஓடும்போது கரண்ட் போனா போர்டு செத்துடும், அதனால யுபிஎஸ் இல்லாம இந்த வேலைல இறங்காதீங்க, மாசாந்திர பவர் கட் என்னிக்குன்னு பாத்துட்டு பண்ணுங்க.

ஆபீஸ்ல இருந்து கழிச்சுக் கட்டின பிராண்டட் டவரை வாங்கி கார்டு போட்டு கேமிங் பிசி ஆக்கறவங்களும் இருக்காங்க. அதுல பல மாடல்ல எஸ்எம்பிஎஸ் கனெக்டரே வேற மாதிரி இருக்கும், போர்டும் கேபினெட்டும் வெளில கிடைக்கற அளவுல இருக்காது, ஒல்லி கேபினெட்டா இருந்தா முழு உசர கார்டு உள்ளயே போகாது. அந்த மாதிரி மெஷினுக்கு தனி பவர் கேபிள் கேக்காத கார்டு, ஜிடிஎக்ஸ் 1650-ல சில மாடல், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, இதோட நிறுத்திக்கங்க.

கார்டு மாத்தறவங்களுக்கு. 1060, 1070, 1080 எல்லாம் நல்லா உழைச்ச கார்டு, ஆனா என்விடியா இந்த வரிசைக்கு புது கேம் டிரைவர் குடுக்கறதை 2025 அக்டோபரோட நிறுத்திட்டாங்க, செக்யூரிட்டி அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒருக்கா வரும். இருக்கற கேம் ஓடிட்டேதான் இருக்கும், அதனால பதறிப்போய் தூக்கிப் போட வேண்டாம். ஆனா 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025-ல வந்த டூம் தி டார்க் ஏஜஸும் ரே ட்ரேசிங் (வெளிச்சத்தை நிஜம் மாதிரி கணக்குப் போடறது) ஹார்டுவேர் இல்லாத கார்டுல ஆரம்பிக்கறதே இல்ல, இனிமே வரப்போறதுலயும் இது கூடும். 1080பி-க்கு எடுக்கறீங்கன்னா 8 ஜிபி விராமுக்கு கீழ போகவே போகாதீங்க, 12 கிடைச்சா இன்னும் நல்லது.

பழைய போர்டுல புது கார்டு போடறவங்க கார்டு எத்தனை லேன் (போர்டுக்கும் கார்டுக்கும் நடுவுல டேட்டா போற பாதை) பயன்படுத்துதுன்னும் பாக்கணும். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 எல்லாம் 8 லேன், பிசிஐஇ 3.0 (கார்டு சொருகற ஸ்லாட்டோட பழைய தலைமுறை) போர்டுல போட்டா கொஞ்சம்தான் குறையும், தாராளமா போடலாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-ல 4 லேன்தான், பழைய போர்டுல அது நல்லாவே அடி வாங்கும், விலை கம்மின்னு எடுத்துடாதீங்க. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி, நல்ல கார்டு, ஆனா ரீசைசபிள் பார் (கார்டோட மெமரி முழுசையும் சிபியு ஒரேயடியா எட்டற வசதி) இல்லாத பழைய போர்டுல அதை மாட்டி பிரயோஜனம் இல்ல, சிபியு பழசா இருந்தாலும் அது எதிர்பார்த்த வேகம் தராது.

இப்ப எஸ்எம்பிஎஸ். இதைப் பத்தி எனக்கு பேச நெறைய இருக்கு. 2019-ல நான் என் மெஷின்ல புது கார்டு போட்டேன், கேபினெட் கூட வந்த 500 வாட்னு ஸ்டிக்கர் ஒட்டின எஸ்எம்பிஎஸ்-லயே. மூணு வாரம் நல்லா ஓடுச்சு. ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய் போய் வந்துச்சு, மூணாவது தடவை வரும்போது டப்புனு ஒரு சத்தம், வீடு பூரா கருகின வாசனை, எஸ்எம்பிஎஸ் தனியா போகல, போர்டையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. கார்டு பொழைச்சது எங்க அம்மா செஞ்ச புண்ணியம். அந்த டப்பாவை கையில தூக்கிப் பாத்தா காத்தாடி மாதிரி லேசா இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல. ஸ்டிக்கர்ல எத்தனை வாட்னாலும் எழுதலாம். அதனால கார்டு மாத்தற யோசனை இருந்தாலே முதல்ல எஸ்எம்பிஎஸ் மாத்துங்க, 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையும் 5 வருஷ வாரன்டியும் உள்ள 550 இல்ல 650 வாட் போதும், 1000 வாட் எல்லாம் தேவையே இல்ல. கணக்கு பாருங்க, ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட், ஆர்எக்ஸ் 6600-க்கு 132, ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 145, ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170, சிபியுவையும் மத்ததையும் சேத்தா கூட 350-ஐத் தாண்டறது கஷ்டம். இது அடுத்த மெஷினுக்கும் கூட வர்ற பொருள்ங்கறதால இதுல போடற காசு வீணாகாது.

ரேம் விலை பத்தி சொல்லாம இருக்க முடியாது. 2025 கடைசில இருந்து ரேம் விலை தங்கம் மாதிரி ஏறிடுச்சு, ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரியை அள்ளிட்டுப் போறாங்க, மைக்ரான் கம்பெனி வீட்டு உபயோகத்துக்கு வித்துட்டு இருந்த குருஷியல் பிராண்டையே மூடறதா டிசம்பர்ல அறிவிச்சுட்டாங்க. இதனால பழைய கணக்கு மாறிடுச்சு. முன்னாடின்னா போர்டு, சிபியு, ரேம் மூணையும் தூக்கிட்டு நேரா டிடிஆர்5-க்கு போங்க, ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட் எடுங்கன்னு சொல்லியிருப்பேன். இப்ப உங்க கையில டிடிஆர்4 ரேம் இருந்தா அதை வித்துடாதீங்க, அதையே எடுத்துக்கற போர்டா பாருங்க. ஏஎம்4-ம் இருக்கு, இன்டெல் 12வது ஜெனரேஷனுக்கு டிடிஆர்4 போடற எச்610, பி660 போர்டும் இருக்கு, வாங்கும்போது பெட்டில டிடிஆர்4-னு போட்டிருக்கான்னு ரெண்டு தடவை பாத்து வாங்குங்க, ஒரே பேர்ல டிடிஆர்5 போர்டும் வருது, ஒண்ணு இன்னொண்ணுல சொருகாது.

ஒரே ஸ்டிக் வச்சிருக்கறவங்க அதே வேகத்துல இன்னொரு ஸ்டிக் போட்டு டூயல் சேனல் ஆக்கிட்டா திக்கறது நல்லாவே குறையும். நம்ம ஊர்ல பட்ஜெட் பத்தாம ஒரு ஸ்டிக் இப்ப, இன்னொண்ணு அப்புறம்னு வாங்கிட்டு அந்த அப்புறம் வராமலே போன மெஷின் நிறைய.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? சிபியு தாராளமா வாங்கலாம், அது கெட்டுப்போறது குறைவு, பின்னு வளைஞ்சிருக்கான்னு மட்டும் வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. ஆனா இன்டெல் 13, 14-ல ஐ7, ஐ9 விக்கறாங்கன்னா யோசிங்க, அதுல வோல்டேஜ் கோளாறு வந்து 2024-ல கம்பெனியே மைக்ரோகோட் (பயாஸ் வழியா வர்ற சிபியு அப்டேட்) விட்டு சரி பண்ணாங்க, அதுக்கு முன்னாடியே பழுதான சிபியு அந்த அப்டேட்டால குணமாகாது. கார்டுன்னா ஓடற மெஷின்ல வச்சு பாக்காம காசு குடுக்காதீங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல நல்ல கடையில கேட்டா மாட்டிக் காட்டுவாங்க, மாட்டிக் காட்ட மாட்டேன்னா அடுத்த கடைக்கு நடங்க. ஜிபியு-இசட் (கார்டோட விவரம் காட்டற சாஃப்ட்வேர்) போட்டு பேரு, விராம் எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க, பழைய கார்டுல பயாஸ் மாத்தி 1050 டிஐ-னு காட்டற போலி கார்டு சுத்திட்டு இருக்கு, போலின்னா அது ஃபேக்-னு முன்னாடியே எழுதிக் காட்டிடும். அப்புறம் ஃபர்மார்க் (கார்டை முழு மூச்சுல ஓட்டிப் பாக்கற டெஸ்ட்) ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடட்டும், ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியா கலர் வருதா, ஃபேன் கரகரங்குதா, மெஷின் ஆஃப் ஆகுதான்னு கூடவே நின்னு பாருங்க. பில்லோட இருந்தா நூறு ரூபா கூடன்னாலும் அதையே எடுங்க.

எப்ப மொத்தமா மாத்தணும்? சிபியு 4 த்ரெட், ரேம் டிடிஆர்3, கார்டு 4 ஜிபி இல்ல அதுக்கும் கீழ, எஸ்எம்பிஎஸ் லோக்கல், இதுல மூணு உங்க மெஷினுக்கு பொருந்துச்சுன்னா ஒட்டுப் போடறதை விட்டுடுங்க, காசு சேத்து புதுசே எடுங்க, அதுவரைக்கும் எஸ்எஸ்டி மட்டும் போட்டு ஓட்டுங்க. மொத்தமா மாத்தறதுன்னாலும் கேபினெட், மானிட்டர், கீபோர்டு எல்லாம் புதுசு வேணும்னு அர்த்தம் இல்ல. கேபினெட் கண்ணாடி, கலர் லைட்டுக்குப் போற காசை கார்டுல போட்டா ஒரு படி மேல உள்ள கார்டே கிடைக்கும்.

தம்பிக்கு கடைசில என்ன பண்ணோம்னா, ஐ5-12400, டிடிஆர்4 போர்டு, அவன்கிட்ட இருந்த 8 ஜிபியோட அதே வேகத்துல செகண்ட் ஹேண்ட்ல இன்னொரு 8, ஒரு எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ். விலை கம்மியா 12400எஃப் இருந்துச்சு, எஃப்-னு முடிஞ்சா உள்ளயே டிஸ்ப்ளே கிடையாது, அவன் கார்டுக்கு எட்டு வயசு, அது திடீர்னு போனா மெஷினே கருப்பா நிக்கும், படிக்கற பையன், அதனால எஃப் இல்லாததையே எடுக்க வச்சேன். கார்டு அதே 1060. வாலரன்ட்ல அந்த 40-க்கு விழற சங்கதி அன்னியோட போயிடுச்சு, அவன் ரெண்டு ரவுண்டு ஆடிட்டு திரும்பி என்னைப் பாத்தான் பாருங்க, பஸ்ல வந்த முதுகு வலி எல்லாம் போயிடுச்சு எனக்கு. மீதிக் காசு பாதிக்கு மேல அப்படியே பேங்க்ல இருக்கு, அது கார்டுக்கு, ஆனா அவன் ஆட நினைக்கற ஒரு கேம் 1060-ல ஓடலன்னு வர்ற அன்னிக்குத்தான் எடுக்கணும்னு பேச்சு.

பழைய எச்110 போர்டும் ஐ5-7400-ம் இப்ப சித்தப்பாவோட ஹார்டுவேர் கடையில லினக்ஸ் மின்ட் போட்டு பில் அடிக்குது, பழைய 4 ஜிபி ரேம் ஒண்ணு என்கிட்ட கிடந்தது, அதைப் போட்டுக் குடுத்தேன். அந்த பழைய ஹார்ட் டிஸ்க்ல தம்பியோட போட்டோவும் சர்டிபிகேட் ஸ்கேனும் இருந்துச்சு, அதை எடுத்து வச்சுட்டு டிஸ்க்கை முழுசா அழிச்ச பிறகுதான் கடைக்கு அனுப்பினோம், நீங்களும் பழசை விக்கறதுக்கோ குடுக்கறதுக்கோ முன்னாடி அதை பண்ணிடுங்க.